ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

மாமாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்த புதிதில் வீட்டில் எல்லோரும் கட்டியைப் பற்றியே பேசினார்கள். மதுரையில் ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்ததும் பேச்சு மாத்திரைக்கு மாறிவிட்டது. கேப்பசிட்டபின் என்று பெயர். காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். 14 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ். டிரிப்ஸ் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும், தொண்டை இறுகும். விளக்குத்தூண் பக்கம் ஆட்டோ போகும்போது ஜிகர்தண்டா கடையைப் பார்த்து மாமா விடும் பெருமூச்சைக் கேட்டால் நோயே பரவாயில்லை போலிருக்கும்.

பக்கத்துப் படுக்கையில் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். வயது, எடை, மருந்து, அளவு எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். அவர் டிரிப்ஸை முடித்துக்கொண்டு பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார். மாமாவுக்கோ இரண்டாவது சுற்றிலேயே வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கிப்போய் மறுபடியும் அட்மிட் ஆக வேண்டியதாயிற்று.

"ஏத்தா, நீ இதைத்தானே காலேஜ்ல சொல்லிக் குடுக்குற. ஒரே மாத்திரை. அவருக்கு ஒண்ணும் செய்யல, என்னைய மட்டும் இந்தப் பாடு படுத்துது. அதுக்கு என்ன கணக்கு?"

நான் உயிர்வேதியியல் நடத்துகிறவள். அன்றைக்கு வார்டில் வைத்து இரண்டு வாக்கியத்தில் ஏதோ சொன்னேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு நீளமான பதில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. உடம்பில் நடக்கும் ரசாயன வேலைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்பவை நொதிகள். ஒவ்வொரு நொதியையும் செய்வதற்கான குறிப்பு ஒரு ஜீனில் எழுதியிருக்கிறது. கண்ணில் இருக்கும் செல்லுக்கும் குடலில் இருக்கும் செல்லுக்கும் குறிப்புப் புத்தகம் ஒன்றுதான்; புரதம் செய்யும் ஜீன்கள் மட்டும் சுமார் 20,000. ஆனால் எல்லாச் செல்லும் எல்லாவற்றையும் படிப்பதில்லை. மேலூர்க்காரருக்குச் சொல்வதென்றால், கண்மாய் நிறைந்து கிடந்தாலும் எந்த மடையை எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வயலுக்குத் தண்ணீர். ஜீன் ஒழுங்குமுறை என்று நாங்கள் பாடம் எடுப்பது இந்த மடைகளைப் பற்றித்தான்.

அந்த மடை ஓரிடத்தில் மட்டும் இல்லை. ஜீனுக்கு முன்னால் தொடக்கப் பகுதி ஒன்று உண்டு. அங்கே எந்தப் புரதம் வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்து ஜீன் ஓடும் அல்லது ஓடாது. டி.என்.ஏ. மீதே மீத்தைல் என்ற சிறு ரசாயனக் குச்சி ஏறிக்கொண்டால் ஜீன் ஊமையாகிவிடும். ஜீனிலிருந்து எடுத்த எம்.ஆர்.என்.ஏ. நகலை வெட்டி ஒட்டும் வேலை ஒன்று நடக்கிறது, அது பிசகலாம். நகல் எத்தனை நேரம் உயிரோடு இருக்கிறது, அதிலிருந்து புரதம் செய்வதை யாராவது தடுக்கிறார்களா என்பதெல்லாம் அடுத்தடுத்த கட்டங்கள். பெருங்குடல் கட்டியில் இந்தக் கட்டங்கள் அத்தனையிலும் ஏதோ ஒரு கோளாறு நடக்கிறது. அதுதான் இந்த நோயைப் படிப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இந்தத் துறையே குடலோடு ஒட்டிப் பிறந்ததுதான். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜேக்கப்பும் ழாக் மோனோவும் 1961-இல் ஜீன்களுக்கு சுவிட்ச் உண்டு என்று எழுதியபோது அவர்கள் கையில் இருந்தது ஈ.கோலி, நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியா. பாலில் உள்ள சர்க்கரை கிடைத்தால் மட்டுமே அதை உடைக்கும் நொதியை அது செய்கிறது, இல்லாவிட்டால் ஜீனை மூடிவைக்கிறது என்று காட்டினார்கள். 1965-இல் ஆந்த்ரே லுவாஃபோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இதே பாக்டீரியா பின்னால் வேறொரு வேடத்தில் வரும்.

மாமா விழுங்கும் மாத்திரை நேரடியாக விஷம் இல்லை. உடம்பில் மூன்று நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தட்டிக்கொட்டி 5-ஃபுளூரோயுராசில் ஆக்குகின்றன. மூன்றாவது நொதி, தைமிடின் பாஸ்பாரிலேஸ், பல கட்டிகளில் சுற்றியுள்ள திசுவைவிட அதிகமாக இருக்கிறது. அதனால் மருந்து கட்டிக்குள்ளேயே கூடுதலாக உருவாகும் என்பது கணக்கு. கட்டியின் நொதிக் கையிருப்பை அதற்கு எதிராகவே திருப்பிவிடும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

5-ஃபுளூரோயுராசில் 1957-இல் வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கர் என்ற வேதியியலாளர் அதைத் திட்டமிட்டே உருவாக்கினார். எலியின் கல்லீரல் கட்டிகள் யுராசில் என்ற பொருளைச் சாதாரணத் திசுவைவிட அதிகமாக இழுத்துக்கொள்கின்றன என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சரி, விரும்பித் தின்பதிலேயே ஒரு முள்ளை வைத்துவிடலாம் என்று யுராசிலின் ஐந்தாம் இடத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளூரினைப் பொருத்தினார். அந்த ஐந்தாம் இடத்தில்தான் தைமிடைலேட் சிந்தேஸ் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான 'டி'யைச் செல் தானே செய்துகொள்ள இந்த நொதி வேண்டும். ஃபுளூரின் ஏறிய போலியைக் கவ்விய நொதியால் அதை விடவும் முடியாது, முடிக்கவும் முடியாது. ஃபோலேட் மூலக்கூறு ஒன்றும் கூடவே மாட்டிக்கொண்டு மூன்றும் பூட்டாக இறுகிவிடும். இதே 5-ஃபுளூரோயுராசிலை டிரிப்ஸாக ஏற்றும்போது லூகோவோரின் என்ற ஃபோலேட் வகையைச் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அது இந்தப் பூட்டை இறுக்குவதற்குத்தான். 'டி' இல்லாமல் டி.என்.ஏ. நகலெடுக்க முடியாமல் பிளவுபடும் செல் சாகும்.

நல்ல திட்டம். ஆனால் செல்லுக்கு வேறு திட்டம் இருக்கிறது.

தைமிடைலேட் சிந்தேஸ் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு காரியம் செய்கிறது: தன்னுடைய எம்.ஆர்.என்.ஏ. மீதே போய் உட்கார்ந்துகொண்டு, தன்னை இன்னும் செய்யவிடாமல் தடுக்கிறது. போதுமான அளவு இருக்கும்போது உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு. எட்வர்ட் சூவும் கூட்டாளிகளும் 1991-இல் இதை வெளியிட்டார்கள். இப்போது மருந்து வந்து நொதியைக் கவ்வினால் என்ன ஆகும்? நொதி எம்.ஆர்.என்.ஏ.வை விட்டு விலகுகிறது. தடை நீங்கிய நகலிலிருந்து புதிய நொதி மளமளவென்று உருவாகிறது. ஜீனில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நகலின் எண்ணிக்கைகூடக் கூடவில்லை. ஆனாலும் மருந்து கொடுத்ததாலேயே கட்டியில் மருந்தின் இலக்கு பெருகிவிடுகிறது. இதை வகுப்பில் சொல்லும்போது பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசமும் உண்டு. இந்த ஜீனின் முன்பகுதியில் 28 எழுத்துள்ள ஒரு தொடர் சிலருக்கு இரண்டு முறை, சிலருக்கு மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று இருந்தால் பொதுவாக நொதி அதிகம், அதாவது மருந்து முடக்க வேண்டியதும் அதிகம். மூன்று இருந்தும் அதற்குள் ஒரு 'ஜி' 'சி'யாக மாறியிருந்தால், தூண்டும் புரதம் அங்கே உட்கார முடியாமல் அந்த ஆதாயம் போய்விடுகிறது. மருந்தை நீண்ட நாள் தாக்குப்பிடித்த கட்டிகளில் இன்னும் முரட்டு வழியும் தெரிந்தது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 5-ஃபுளூரோயுராசில் பெற்றுப் பின் பரவிய கட்டிகளில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்த ஜீனையே பல நகல்களாகப் பெருக்கி வைத்திருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் கட்டியில் இந்த நொதியை அளந்து பார்த்து மருந்து கொடுக்கலாமே என்று தோன்றும். 1990-களிலிருந்து நிறையப் பேர் முயன்றார்கள். ஆனால் வழக்கமான சிகிச்சைக்குள் அது நுழையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எம்.ஆர்.என்.ஏ.வை அளந்தால் புரதம் தெரிவதில்லை என்பதை மேலே பார்த்தோம். புரதத்தை இன்று அளந்தால் மருந்து ஏற்றிய மறுநாள் அது வேறாக இருக்கும். கட்டியின் இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் கட்டத்தில் அளந்தாலும் அடுத்த கட்டத்தில் கணக்கு மாறும்.

மாமாவின் கதைக்கு வேறொரு நொதிதான் முக்கியம். அது முக்கியமாக வேலை செய்வது கட்டியில் இல்லை, கல்லீரலில். டி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உடம்புக்குள் போகும் 5-ஃபுளூரோயுராசிலில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த நொதிதான் உடைத்துத் தள்ளுகிறது. டாக்டர்கள் எழுதும் அளவு, இந்த உடைப்பு நடக்கும் என்று வைத்துப் போட்ட அளவு. நொதி பாதியாக இருக்கும் ஒருவருக்கு அதே அளவு கொடுத்தால் மருந்து வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமாகப் பிளவுபடும் செல்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ, வாய், குடல், எலும்பு மஜ்ஜை, எல்லா இடத்தையும் தாக்கும். கை கால் தோல் உரிவது மட்டும் இந்த மாத்திரையில் நொதி சரியாக இருப்பவர்களுக்கும் சகஜம். மற்றவை எல்லாம் சேர்ந்து வந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

ரத்தம் எடுத்து ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினோம். டி.பி.டி. ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் வெட்டி ஒட்டும் வேலையைக் கெடுக்கும் மாற்றம் இருந்தது. அடுத்த சுற்றிலிருந்து டாக்டர் அளவைக் குறைத்தார். வாய்ப்புண் வந்தது, ஆனால் அட்மிட் ஆக வேண்டியிருக்கவில்லை. முதல் மாத்திரைக்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கலாம், யாரும் சொல்லவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2020-இலேயே, சிகிச்சைக்கு முன் சோதித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வழக்கமான பரிசோதனை பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் கண்டறிந்த நான்கு மாற்றங்களைத்தான் தேடுகிறது. 'இல்லை' என்று வந்தால் நம் ஊர்க்காரருக்கு ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. ஜீன் முழுக்கச் சரியாக இருந்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டி ஆர்.என்.ஏ.க்கள், குறிப்பாக 27ஏ, 27பி என்ற இரண்டு, டி.பி.டி.யின் நகலை அமுக்கிவைக்கலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024-இல்தான் நோபல் கிடைத்தது. அளவுக்கு மீறி மருந்து ஏறிவிட்டால் 96 மணி நேரத்துக்குள் கொடுக்க யுரிடின் டிரைஅசிடேட் என்ற முறிமருந்தும் உண்டு. அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்றது.

வார்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவருக்கு வேறு மருந்து, ஐரினோடீகன். சீனத்து மரம் ஒன்றின் பட்டையில் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966-இல் கண்டறிந்த கேம்ப்டோதெசின்தான் இதற்கு மூலம். அந்த மூலப்பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் இருக்கிறது, அதை வெட்டி வெட்டியே அந்த மரம் அருகிக்கொண்டிருக்கிறது என்பது தனிச் சோகம். ஐரினோடீகனும் உடம்புக்குள் போய்த்தான் கொல்லும் மருந்தாக மாறுகிறது. அதைச் செயலிழக்க வைப்பது யு.ஜி.டி.1ஏ1 என்ற நொதி. இதன் ஜீனின் தொடக்கப் பகுதியில் 'டி-ஏ' என்ற ஜோடி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முறை வரும். சிலருக்கு ஏழு. அந்த ஒரே ஒரு கூடுதல் ஜோடி போதும், ஜீனை ஓடவைக்கும் புரதம் சரியாக உட்காராது. இரண்டு பிரதியிலும் ஏழு இருந்தால் நொதி மூன்றில் ஒரு பங்குக்குச் சரிந்துவிடும். நொதியின் வடிவத்தில் குறையே இல்லை, அளவுதான் குறைவு.

இந்த ஏழுக்காரர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். என் பெரியம்மா மகன் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒருபொழுது இருந்தால் கண் லேசாக மஞ்சளாகிவிடும். உடனே காமாலை என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள், விரதம் முடிந்ததும் தானாகத் தெளிந்துவிடும், கீழாநெல்லிக்குப் புகழ் சேரும். கில்பர்ட் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற கழிவை வெளியேற்ற உதவுவதும் இதே யு.ஜி.டி.1ஏ1 தான். பட்டினியில் அது பின்தங்குகிறது, அவ்வளவே. நோய் என்று சொல்வதற்குக்கூட ஒன்றுமில்லை. ஆனால் இதே ஆளுக்கு ஐரினோடீகன் கொடுத்தால் கதை மாறும். 2005-இலிருந்து அந்த மருந்தின் அமெரிக்கச் சீட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அப்புறம் நம் பழைய நண்பர்: கல்லீரல் கஷ்டப்பட்டுக் கட்டிப்போட்டுப் பித்தத்தில் அனுப்பிய மருந்தை, குடலில் ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்கள் தங்கள் நொதியால் அவிழ்த்துவிடுகின்றன. ஐரினோடீகன் வயிற்றுப்போக்குக்கு அதுவும் ஒரு காரணம். இதற்கு மறுபக்கமாக, சில பெருங்குடல் கட்டிச் செல்கள் மீத்தைலை ஏற்றி இந்த யு.ஜி.டி.1ஏ1 ஜீனை அணைத்துவைத்திருப்பதும் தெரியவந்தது. அந்தச் செல்களால் மருந்தை முடக்க முடியாது. கட்டி எதையெதையோ அணைக்கும்போது தனக்கு வேண்டியதையும் அணைத்துவிடுகிறது.

மீத்தைல் விவகாரத்தில் மாமாவின் ரிப்போர்ட்டுக்கே வருகிறேன். பெருங்குடல் கட்டியில் மீத்தைல் ஒழுங்கு கெட்டிருக்கிறது என்று ஆண்ட்ரூ ஃபைன்பெர்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 1983-இலேயே காட்டினார்கள். பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசியில், யாரும் படிக்காத இடத்தில், நான்கு புரதங்களின் பெயர் இருக்கும்: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழையைத் திருத்தும் கூட்டம் இது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்கிறது. இவ்வளவு நகலெடுக்கும் இடத்தில் திருத்துகிறவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாமாவின் கட்டியில் எம்.எல்.எச்.1-ம் அதன் ஜோடியான பி.எம்.எஸ்.2-ம் இல்லை.

எங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. தாத்தாவும் ஏதோ வயிற்றுக் கட்டியில்தான் போனார். எம்.எல்.எச்.1 ஜீனிலேயே பரம்பரையாகப் பிழை இருந்தால் அது லிஞ்ச் சிண்ட்ரோம். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பிழை இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறது, அதில் பெரும்பங்கு பரம்பரை இல்லை. எழுத்து ஒழுங்காகவே இருக்கிறது, வயதான காலத்தில் கட்டிக்குள் மட்டும் ஜீனின் வாசலில் மீத்தைல் ஏறி அணைந்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கட்டியில் பிராஃப் என்ற ஜீனின் குறிப்பிட்ட மாற்றத்தையும், வாசலில் மீத்தைலையும் தேடினால்தான் பிரிக்க முடியும். பிராஃப் மாற்றம் இருந்தால் லிஞ்ச் அநேகமாக இல்லை. மாமாவின் கட்டியில் பிராஃப் மாற்றம், மீத்தைல் இரண்டும் இருந்தன. வலப்பக்கக் குடல், எழுபதை நெருங்கும் வயது, எல்லாம் பரம்பரை அல்லாத அந்த வகைக்குப் பொருந்திவந்தது. நோய் திரும்பிப் பரவினாலும் இந்த வகைக் கட்டிக்கு இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்யும், திருத்தப்படாத பிழைகளாலேயே நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அது எளிதில் அடையாளம் தெரிகிறது என்றார் டாக்டர்.

அம்மா அன்றைக்கே சித்திக்குப் போன் போட்டுவிட்டார். சித்தி வாட்ஸப்பில் எங்கோ படித்ததை வைத்து, ஆஸ்பிரின் போட்டால் குடல் புற்றுநோய் வராதாமே என்று கேட்டார். முழுக்கப் புரளி இல்லை. லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடந்த காப்-2 என்ற ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் பெருங்குடல் புற்று குறைந்தது. ஆஸ்பிரின் தடுக்கும் காக்ஸ்-2 என்ற நொதி சாதாரணக் குடல் சுவரில் அரிதாகவும், கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏராளமாகவும் இருக்கிறது, அதன் எம்.ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழிய வேண்டியது, கட்டிக்குள் பாதுகாக்கப்பட்டு நீண்ட நேரம் தங்குகிறது. காக்ஸ்-2 உண்டாக்குவதை உடைக்கும் 15-பி.ஜி.டி.எச். என்ற எதிர்நொதி கட்டிகளில் குறைந்துபோகிறது. 2014-இல் வந்த ஆய்வில், நல்ல குடல் சுவரில் இந்த எதிர்நொதி அதிகம் உள்ளவர்களுக்கே ஆஸ்பிரின் பலன் தந்தது, ஆபத்து ஏறத்தாழப் பாதியானது. குறைவாக உள்ளவர்களிடம் பெரிய வித்தியாசமில்லை. அதை எந்த ஆஸ்பத்திரியிலும் வழக்கமாக அளப்பதில்லை.

மாமாவுக்கு முன்பு ஒருமுறை வயிற்றுப்புண்ணில் ரத்தம் போயிருக்கிறது, அதனால் ஆஸ்பிரின் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தி இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சீட்டில் வேறு பெயர் எழுதியிருந்ததால் தான் சாப்பிடுவது ஆஸ்பிரின் என்பது அவருக்குத் தெரியாது.